எந்திரம் கட்டட்டும், மனிதன் பார்க்கட்டும்!

2012-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி. அமெரிக்காவில் நியூயார்க் பங்கு மார்க்கெட் வழக்கம்போல் காலை 9.30 மணிக்குத் திறந்தது.

நைட் கேப்பிட்டல் என்பது அங்கே பெயர் பெற்ற பங்குத் தரகுக் கம்பெனி. பங்குகளை வாங்குவது, விற்பது எல்லாம் அங்கே கம்ப்யூட்டர்களின் வேலை. மார்க்கெட் திறந்ததும் அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒன்றுக்குப் பித்துப் பிடித்தது. பங்குகளை வாங்கித் தள்ளியது. விற்றுத் தள்ளியது. மறுபடியும் வாங்கியது. மறுபடியும் விற்றது.

வாடிக்கைக்காரர்கள் கொடுத்த ஆர்டர்கள் 212-தான். ஆனால் நடந்த பேரங்களோ 40 லட்சத்துக்கு மேல்! கைமாறிய பங்குகள் 39 கோடியே 70 லட்சம்! கம்ப்யூட்டரை அடக்குவதற்குள் 45 நிமிடம் ஓடிவிட்டது. அந்த 45 நிமிடத்தில் கம்பெனிக்கு ஏற்பட்ட நஷ்டம் 46 கோடி டாலருக்கும் அதிகம்.

அந்தக் கம்பெனியால் அதன் பிறகு தனித்து நிற்க முடியவில்லை. அடுத்த ஆண்டே இன்னொரு கம்பெனியோடு சேர்ந்துவிட்டது.

இதற்குக் காரணம் யார்? திருடன் வரவில்லை. எதிரி வரவில்லை. ஒரு மனிதருடைய கை, ஒரு சிறு வேலையைச் செய்ய மறந்துவிட்டது. அவ்வளவுதான்!

எட்டில் ஒன்று

கம்பெனியில் ஒரு புதிய புரோகிராம் எழுதியிருந்தார்கள். அதை 8 பெரிய கம்ப்யூட்டர்களில் ஏற்ற வேண்டும். அவற்றுக்குச் சர்வர் என்று பெயர். ஜூலை மாதக் கடைசியில் ஏற்றும் வேலை நடந்தது. ஒவ்வொரு சர்வராக, கையால் செய்த வேலை.

7 சர்வர்களில் புதிய புரோகிராம் ஏறியது. எட்டாவது சர்வர் விட்டுப்போயிற்று.

அந்த எட்டாவது சர்வரில் ஒரு பழைய புரோகிராம் தூங்கிக்கொண்டிருந்தது. 2003-ம் ஆண்டுக்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. துடைத்து எறியவும் இல்லை. பழைய புரோகிராமை எழுப்ப ஒரு சுவிட்ச் இருந்தது. அந்தச் சுவிட்சையே புதிய புரோகிராமுக்கும் வைத்துவிட்டார்கள். ஆகஸ்டு 1-ந் தேதி சுவிட்சைப் போட்டதும் 7 சர்வர்களில் புதிய வேலை ஒழுங்காக நடந்தது. எட்டாவதில் பழைய பேய் எழுந்துவிட்டது!

இன்னொரு செய்தி இதைவிட வேதனையானது. அன்று காலை 8 மணியிலிருந்தே கம்பெனியின் கம்ப்யூட்டர் ஏதோ தவறு என்று சொல்லிக்கொண்டிருந்தது. மார்க்கெட் திறப்பதற்கு முன் அது அனுப்பிய மின் அஞ்சல்கள் 97! அவை கம்பெனி ஊழியர்களுக்கே போய்ச் சேர்ந்தன. எழுந்து போய் என்ன என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அமெரிக்காவின் பங்கு மார்க்கெட் கமிஷன் இதை விசாரித்தது. புதிய புரோகிராமை ஏற்றிய பிறகு இரண்டாவது ஆள் ஒருவர் அதைச் சரிபார்க்கவில்லை; அப்படிப் பார்க்க வேண்டும் என்று கம்பெனியில் எழுதி வைத்த முறையும் இல்லை என்று கமிஷன் 2013-ம் ஆண்டு அக்டோபர் மாதம் கூறியது. 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

பொட்டலம் வருவது எப்படி?

பங்கு மார்க்கெட்டுக்கும் சாதாரணக் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

செல்போனில் அடிக்கடி ஒரு செய்தி வருகிறது. "புதிய பதிப்பு வந்திருக்கிறது. ஏற்றிக்கொள்ளவும்." விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும். புதிய புரோகிராம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாங்குக் கணக்கு, ரெயில் டிக்கெட், மின்சாரக் கட்டணம் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படிப்பட்ட புரோகிராம்கள்தான் ஓடுகின்றன. அவை எங்கேயோ எழுதப்படுகின்றன, எங்கேயோ சோதிக்கப்படுகின்றன, பிறகுதான் வந்து சேருகின்றன.

ஒரு வீட்டில் சாம்பார்ப் பொடி செய்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை மூன்று வகை. முதலில் மிளகாய், மல்லி, பருப்பு எல்லாவற்றையும் வறுத்து அரைக்க வேண்டும். அடுத்து, ஒரு சிட்டிகை எடுத்துக் குழம்பு வைத்து ருசி பார்க்க வேண்டும். மூன்றாவது, பொட்டலம் கட்டிக் கடைக்கு அனுப்ப வேண்டும்.

சாப்ட்வேர் செய்கிறவர்களுக்கும் அதே மூன்று வேலைகள்தான். என்ஜினீயர் எழுதுவது மனிதர் படிக்கக்கூடிய எழுத்து. அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றி, ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இது அரைப்பதைப் போன்றது. பிறகு சோதனை. "கணக்கில் 100 ரூபாய் இருக்கிறது. 200 ரூபாய் கேட்டால் கொடுத்துவிடுகிறதா?" என்பதைப் போலப் பல நூறு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கடைசியில் மூட்டை கட்டி, முத்திரை வைத்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளும் இடத்தில் வைக்க வேண்டும். அந்த மூட்டைக்குத்தான் 'பேக்கேஜ்' என்று பெயர்.

சாம்பார்ப் பொடிக்குப் பெருங்காயம் வெளியில் வாங்குகிறார்கள் அல்லவா? அதுபோல ஒரு பேக்கேஜுக்குள் வேறு பல பேக்கேஜ்கள் சேருகின்றன. பெருங்காயம் கலப்படமாக இருந்தால் பொடி முழுவதும் கெட்டுப்போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எந்திரத்தின் கண்டிப்பு

முன்பெல்லாம் இந்த மூன்று வேலைகளையும் மனிதர்களே ஒவ்வொன்றாகச் செய்தார்கள். மனிதனுக்குத் தூக்கம் வரும். அவசரம் வரும். "நேற்றுத்தானே சோதித்தோம், இன்று எதற்கு?" என்ற அலட்சியம் வரும். எட்டாவது சர்வர் மறந்துபோகும்.

ஆகவே, வேலையை எந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். இப்போது என்ஜினீயர் ஒரு வரியை மாற்றி அனுப்பினால் போதும். கம்ப்யூட்டர் ஒன்று உடனே அதை எடுத்துக்கொள்கிறது. பழைய குப்பை எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, முதலிலிருந்து சேர்க்கிறது. எழுதி வைத்த சோதனைகள் அனைத்தையும் ஓட்டிப் பார்க்கிறது. ஒரு சோதனை தவறினாலும் சிவப்பு அடையாளம் போட்டு நிறுத்திவிடுகிறது. எல்லாம் சரியாக இருந்தால் பச்சை அடையாளம். பிறகு மூட்டை கட்டி, முத்திரை வைத்து, அனுப்பிவிடுகிறது.

இரவு 2 மணி ஆனாலும் அதற்குத் தூக்கம் இல்லை. முதலாளியின் மகன் எழுதியது என்று சலுகை காட்டுவதும் இல்லை.

இதனால் விளைந்த நன்மை கொஞ்சமல்ல. 'டெபியன்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1993-ம் ஆண்டு தொடங்கியது. உலகத்தின் பல நாடுகளைச் சேர்ந்த தொண்டர்கள் அதை நடத்துகிறார்கள். லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் சாப்ட்வேரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர்கள் வெளியிட்ட பதிப்பில் இருந்த பேக்கேஜ்கள் 64,419! இவ்வளவையும் கையால் சேர்த்து, கையால் சோதித்து, கையால் அனுப்ப முடியுமா? எந்திரம் இருப்பதால்தான் முடிகிறது.

அப்படியானால் கவலை தீர்ந்தது என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் இரண்டாவது கதை வருகிறது.

அரை விநாடித் தாமதம்

2024-ம் ஆண்டு மார்ச் மாதம். ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்ற என்ஜினீயர் தம்முடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்ரோசாப்ட் கம்பெனியில் வேலை. ஒரு சாப்ட்வேர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் களவுகளைத் துப்பறிவது அவருடைய தொழில் அல்ல.

தொலைவில் உள்ள கம்ப்யூட்டருக்குள் நுழைய ஒரு வாசல் உண்டு. அந்த வாசல் திறக்க வழக்கத்தைவிட நேரம் ஆவதை அவர் கண்டார். எவ்வளவு நேரம்? அரை விநாடி! கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான்.

வேறொருவராக இருந்தால், "கம்ப்யூட்டர் இன்று கொஞ்சம் மந்தம்" என்று விட்டிருப்பார். பிராயிண்டு விடவில்லை. ஏன் அரை விநாடி? எங்கே போகிறது அந்த அரை விநாடி? இழையைப் பிடித்துக்கொண்டே போனார்.

இழை 'எக்ஸ்-இசட்' என்ற சின்னப் பேக்கேஜில் போய் நின்றது. பெரிய கோப்புகளைச் சுருக்கிச் சிறிதாக்குவதுதான் அதன் வேலை. லினக்ஸ் ஓடுகிற எத்தனையோ கம்ப்யூட்டர்களில் அது இருக்கிறது. முன்பு சொன்ன பெருங்காயம் இதுதான்!

அதற்குள் யாரோ ஒரு கள்ளச் சாவியைப் புதைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர், தம்முடையதல்லாத கம்ப்யூட்டருக்குள் புகுந்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பூட்டு உடையாது, சத்தமும் கேட்காது.

மார்ச் 29-ந் தேதி பிராயிண்டு உலகத்துக்கு அறிவித்தார். அது புனித வெள்ளி. விடுமுறையில் இருந்த என்ஜினீயர்கள் எழுந்து ஓடினார்கள். நஞ்சு கலந்த பதிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. அவை அப்போது பெரும்பாலும் லினக்ஸின் சோதனைப் பதிப்புகளில்தான் ஏறியிருந்தன. பெரும்பாலான மக்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சில மாதங்கள் தாமதித்திருந்தால் வந்திருக்கும்.

எந்திரமே எடுத்துக் கொடுத்தது

நஞ்சு எப்படி உள்ளே வந்தது?

அந்தப் பேக்கேஜைப் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர்தான் பார்த்துக்கொண்டு வந்தார். சம்பளம் கிடையாது. ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை. அவருக்கு உடம்பும் மனமும் சோர்ந்திருந்த காலம். அப்போது 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். 2021-ம் ஆண்டு தொடங்கி, நல்ல பிள்ளையாக வேலை செய்தார். இன்னும் சிலர், வேறு வேறு பெயர்களில், "வேலை மெதுவாக நடக்கிறது, புதிய ஆளைச் சேர்" என்று நெருக்கினார்கள். பாரம் தாங்காத மனிதர், பொறுப்பில் பாதியைப் புதியவருக்குக் கொடுத்தார். பேக்கேஜை வெளியிடும் அதிகாரமும் போயிற்று.

புதியவர் அவசரப்படவில்லை. 2 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். 2023-ம் ஆண்டு ஜூலை மாதம், பேக்கேஜைத் தானாகச் சோதிக்கும் ஒரு முறையில், ஒரு பகுதி மட்டும் சோதனைக்கு வராதபடி மாற்றச் செய்தார். 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நஞ்சு கலந்த பதிப்பு வெளிவந்தது.

நஞ்சை ஒளித்து வைத்த இடம்தான் வேடிக்கை. சோதனை செய்வதற்காக வைத்திருந்த கோப்புகளில் ஒளித்திருந்தார்கள்! கெட்டுப்போன கோப்பைக் கொடுத்தால் பேக்கேஜ் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக, கெட்டுப்போன கோப்புகளை வேண்டுமென்றே வைத்திருப்பது வழக்கம். அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

அதை வெளியே எடுத்துச் சேர்க்கும் கட்டளையோ, எல்லோரும் பார்க்கும் பொது இடத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய மூட்டையில் மட்டும் இருந்தது. பேக்கேஜ் கட்டும் வேலை நடக்கிறதா என்று அந்தக் கட்டளை முதலில் பார்க்கும். நடக்கிறது என்றால் நஞ்சை எடுத்துக் கலக்கும். இல்லை என்றால் பேசாமல் இருக்கும்!

எந்திரங்கள் மூட்டையை வாங்கின. சொன்னபடி சேர்த்தன. சொன்னபடி சோதித்தன. பச்சை அடையாளம் போட்டன. முத்திரை வைத்து அனுப்பின. எந்திரம் தன் வேலையில் தவறவே இல்லை! நல்ல பொடியைக் கட்டுகிற அதே சுறுசுறுப்போடு நஞ்சையும் கட்டியது.

கட்டும் எந்திரத்தையே பிடித்துக்கொண்ட கதையும் உண்டு. அமெரிக்காவில் சோலார் விண்ட்ஸ் என்ற கம்பெனியின் சாப்ட்வேரில் நடந்த களவு 2020-ம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளியாயிற்று. களவாளிகள், சாப்ட்வேர் சேர்க்கும் கம்ப்யூட்டருக்குள் ஓர் ஒற்றனை வைத்தார்கள். சேர்க்கும் வேலை தொடங்கியதும் அது ஒரு கோப்பை மாற்றி வைக்கும். வேலை முடிந்ததும் பழைய கோப்பைத் திருப்பி வைத்துவிடும். என்ஜினீயர் வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்! அந்த நஞ்சு பதிப்பு, கம்பெனியின் சொந்த முத்திரையோடு, சுமார் 18 ஆயிரம் வாடிக்கைக்காரர்கள் வரை போய்ச் சேர்ந்தது.

பழைய முறைக்குப் போகலாமா?

"எந்திரத்தை நம்பியதால்தானே இந்த வினை? பழையபடி கையாலேயே செய்தால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும்.

அது சரியான மருந்து அல்ல. கையால் செய்ததன் பலன் என்ன என்பதை எட்டாவது சர்வர் காட்டிவிட்டது. மிளகாய் அரைக்கும் எந்திரத்தில் ஒருநாள் கல் விழுந்தது என்பதற்காக, எல்லோரும் மறுபடி உலக்கை பிடிக்க வேண்டியதில்லை. போடும் மிளகாயைப் புடைத்துப் பார்த்துப் போட வேண்டும். அதுதான் வழி.

எந்திரம் நல்ல வேலைக்காரன். மறக்காது, களைக்காது. ஆனால் சந்தேகப்பட அதற்குத் தெரியாது. "இதைக் கேள்" என்று மனிதன் எழுதி வைத்த கேள்வியை மட்டும் கேட்கும். எழுதி வைக்காத கேள்வியைக் கேட்க மனிதன்தான் வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல் வெளியே விடக்கூடாது. எழுதியவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. வீட்டுப் பத்திரத்துக்குக்கூட 2 சாட்சிகள் வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குப் போகும் பேக்கேஜுக்கு வேண்டாமா?

இரண்டாவது, ஒரே மூலத்தைத் தனித்தனியான 2 இடங்களில் சேர்த்து ஒப்பிட வேண்டும். ஒரே பக்குவத்தில் இரண்டு வீட்டில் அரைத்த பொடி ஒன்றுபோல் இருக்காது. ஆனால் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றுபோல் வரும்படி செய்யலாம். மாறி வந்தால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். டெபியன் தொண்டர்கள் 2013-ம் ஆண்டிலிருந்து இதற்காகப் பாடுபட்டு வருகிறார்கள். வெளியீட்டு மூட்டைக்குள் இருப்பதும் பொது இடத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்பதையும் ஒப்பிட வேண்டும். எக்ஸ்-இசட் பேக்கேஜில் இதை ஒழுங்காகச் செய்திருந்தால், கூடுதலாக நுழைந்த கட்டளை கண்ணில் பட்டிருக்கும்.

மூன்றாவது, சாவியைப் பத்திரமாக வைக்க வேண்டும். பேக்கேஜை வெளியிடும் அதிகாரம் ஒரு ரகசியச் சாவியில் இருக்கிறது. பலர் அதை எந்திரத்திலேயே ஆண்டுக்கணக்கில் மாட்டி வைத்துவிடுகிறார்கள். பைத்தான் மொழிப் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியம் 2023-ம் ஆண்டு ஒரு நல்ல ஏற்பாடு செய்தது. அதன்படி, வெளியிடும் நேரத்தில் மட்டும் எந்திரத்துக்கு ஒரு சாவி கிடைக்கும். 15 நிமிடத்தில் அது செல்லாமல் போய்விடும். திருடினாலும் பயன் இல்லை. இப்படிப்பட்ட ஏற்பாடு எங்கும் பரவ வேண்டும்.

நான்காவதுதான் முக்கியமானது. அடித்தளத்தில் இருக்கும் பேக்கேஜ்களைச் சம்பளம் இல்லாமல் காப்பாற்றி வருகிற மனிதர்களைத் தனியே விடக்கூடாது. அவர்களுடைய உழைப்பின் மேல் எத்தனையோ கம்பெனிகள் கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றன. அந்தக் கம்பெனிகள் பணமும் ஆளும் கொடுத்து உதவ வேண்டும். எக்ஸ்-இசட் கதையில் முதலில் உடைந்தது கம்ப்யூட்டரின் பூட்டு அல்ல. களைத்துப்போன ஒரு மனிதரின் தனிமை. திருடன் அந்த வழியாகத்தான் வந்தான். வயலில் தண்ணீர் பாய்ந்தால் போதும், மடையைக் காப்பவன் எப்படிப் போனால் என்ன என்று இருந்தால், ஒருநாள் மடையே போய்விடும்.

பார்க்கும் கண்

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நைட் கேப்பிட்டலில் கம்ப்யூட்டர் 97 தடவை கூப்பிட்டது. திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. 46 கோடி டாலர் போயிற்று.

எக்ஸ்-இசட் விஷயத்தில் கம்ப்யூட்டர் கூப்பிடவே இல்லை. அரை விநாடி தயங்கியது, அவ்வளவுதான். அதைக் கவனிக்க ஒரு மனிதர் இருந்தார். உலகம் தப்பியது.

எந்திரம் கட்டட்டும். எந்திரம் சோதிக்கட்டும். எந்திரமே அனுப்பட்டும். அந்த வேலைகளில் மனிதனைவிட அது கெட்டிக்காரன். மனிதனுக்கு மிச்சமான நேரத்தை அவன் தூங்குவதற்குப் பயன்படுத்தக்கூடாது. பார்ப்பதற்குப் பயன்படுத்த வேண்டும்.

பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பவன் புத்திசாலி அல்ல. விளக்கையும் பார்க்க வேண்டும். வழியையும் பார்க்க வேண்டும்!